விதண்டாவாதி: ஒரு சொல்லின் சமுதாய வரலாறு

தமிழிலே வாதிடுவோரைக் குறிக்கும் சொற்கள் பல உள. வாதி, தருக்கி, சொல்லேருழவன், நாவலன் என்பன மதிப்புத் தோன்ற வழங்குவன. குதர்க்கி, வாயாடி, விதண்டாவாதி என்பன இழிப்புத் தோன்ற வழங்குவன. இவற்றுள் இறுதியிற் கூறியது தனிக் கவனத்துக்குரியது. வாயாடி என்பவன் மிகையாகப் பேசுபவன். குதர்க்கி தவறாகத் தருக்கிப்பவன். விதண்டாவாதியோ, நாம் இன்று அச்சொல்லை ஆளும் முறையில், தவறாகத் தருக்கிப்பவன் அல்லன், தருக்கிக்கவே உரிமையற்றவன். ஒருவனை விதண்டாவாதி எனக் கூறியதும் அவன் எழுப்பிய வினாவுக்கு விடை கூறவேண்டிய கடமை நீங்கிவிடுகின்றது. ஊர்ச்சபையிலும் இலக்கியக் கூட்டத்திலும் பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் இச்சொல் ஆற்றும் பணி இதுவே. ஒரு சொல்லுக்கு இத்தகைய அதிகாரம் எவ்வாறு வாய்த்தது என்பதை அகராதிகளின் துணைகொண்டு மாத்திரம் விளக்கிவிட முடியாது. எவர், எவரை, எந்த அவையிலே அவ்வாறு அழைத்தனர் என்பதை நோக்குதல் வேண்டும்.

சொற்பிறப்பினை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடலாம். விதண்டா என்னும் வடசொல்லை, அடித்தல் என்னும் பொருளுடைய வினையடியோடு 'வி' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்ததாக வடமொழி மரபு காட்டும். எதிரியின் பக்கம் எதனால் அடித்து வீழ்த்தப்படுகின்றதோ அது விதண்டை என்பது அவர்தம் விளக்கம். தண்டு, தண்டம் முதலிய சொற்களோடு இதனை ஒலியொப்புமை கொண்டு பிணைத்து, மூலம் தமிழே என நிறுவ முயல்வதில் எமக்கு ஆர்வமில்லை. வேர் காணும் ஆர்வம் மிக்கோர் கிளையையும் கனியையும் காணத் தவறிவிடுதல் நமது சொல்லாராய்ச்சியிற் பெருகிவிட்ட நோய். இங்கு நாம் கருதவேண்டியது, தொடக்கத்திலேயே இச்சொல் ஒரு செயலைக் குறித்தது, ஒரு குணக்கேட்டைக் குறிக்கவில்லை என்பதாகும்.

அக்கபாதர் எனப்படும் கௌதமரின் நியாய சூத்திரம் அறிந்து தெளியவேண்டிய பதினாறு பொருள்களை எண்ணுகின்றது. அவற்றுட் பத்தாவது முதலாகப் பன்னிரண்டாவது ஈறாக உள்ள மூன்றும் வாதம், சற்பம், விதண்டை என்பன. உண்மை காணும் நோக்குடன் இரு பக்கத்தாரும் அளவைகளின் துணைகொண்டு நிகழ்த்துவது வாதம். வெற்றி கருதி, சொற்புரட்டு முதலியவற்றையும் கையாண்டு நிகழ்த்துவது சற்பம். தன் எதிர்ப்பக்கத்தைத் தாபித்தல் இன்றிப் பிறர் பக்கத்தை மறுத்தல் மட்டும் செய்வது விதண்டை. விதண்டைக்குரிய இலக்கணத்தின் சொல்லமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. எதிர்ப்பக்கம் இல்லாதது விதண்டை என்று சூத்திரகாரர் கூறவில்லை. எதிர்ப்பக்கத்தைத் தாபித்தல் இல்லாதது என்றே கூறினார். உரைகாரராகிய வாற்சாயனர் இவ்வேறுபாட்டை விடாது பற்றிக்கொண்டு, பிறர் கூற்றை மறுக்கும் அவ்வாக்கியமே வைதண்டிகனுடைய பக்கம் என உரைக்கின்றார். எனவே மறுப்பவனுக்கு நிலைப்பாடு உண்டு. அதனை நிறுவும் பொறுப்பை அவன் அவையிலே ஏற்கவில்லை, அவ்வளவே. இதே வாற்சாயனர் பிறிதோரிடத்து, எப்பயனும் கருதேன் எனக் கூறும் வைதண்டிகனை உலகியலானும் அல்லன், ஆராய்வோனும் அல்லன் எனக் கடிந்துரைக்கவும் செய்கின்றார். சொல்லின் பிற்கால வீழ்ச்சிக்குரிய வித்து அக்கடிந்துரையிலே கிடக்கின்றது.

ஆயினும் நியாய நூலார் விதண்டையைத் தள்ளிவிடவில்லை. நான்காம் அத்தியாயத்திலே சற்பத்துக்கும் விதண்டைக்கும் அவர்கள் காட்டும் உவமை உழவருடையது: முளைவிட்ட பயிரைக் காக்க முட்கிளைகளால் வேலி இடுவதுபோல, உறுதிப்பட்ட உண்மையைக் காக்க இவையிரண்டும் வேண்டப்படும் என்பர். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. ஆனால் வேலி எவருடைய நிலத்தைச் சுற்றி இடப்படுகின்றது என்ற வினாவை உவமை எழுப்பவில்லை. நிலமுடையவன் இடும்போது வேலி பாதுகாப்பு. நிலமற்றவன் முள்ளைக் கையிலெடுக்கும்போது அது விதண்டாவாதம். பின்வந்த வரலாறு பெரிதும் இந்த வேறுபாட்டின் வரலாறே.

வாதமரபு தோன்றிய களம் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். தருக்கம் காட்டிலே தவமிருந்த முனிவர்களின் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே நிலவுகின்றது. மருத்துவ நூலாகிய சரக சங்கிதையின் விமானத்தானம் எட்டாம் அத்தியாயம் இவ்வெண்ணத்தைத் திருத்தப் போதுமானது. மருத்துவன் பிற மருத்துவனோடு நிகழ்த்தும் உரையாடலை நட்புரையாடல், பகையுரையாடல் என இரண்டாக வகுத்து, எதிரி உயர்ந்தவனா, ஒத்தவனா, தாழ்ந்தவனா, கூடியுள்ள அவை அறிவுடையதா, சார்புடையதா என்றெல்லாம் ஆராய்ந்து வாதத்தில் இறங்குமாறு அந்நூல் அறிவுறுத்துகின்றது. பிறர் பக்கத்திற் குற்றங் காண்பது மாத்திரமே விதண்டை என்ற வரையறையும் அங்குண்டு. தொழில், போட்டி, புரவலர் என்னும் உலகியற் சூழலே இங்கு தெளிவாகத் தெரிகின்றது. நோயாளி பிழைப்பானா என்ற வினா முன்நிற்கும் தொழிலிலே, பிறர் கூறும் மருந்து பயன்தராது என மறுத்தல் மட்டும்கூட ஒரு பணியாகும். மாற்று மருந்து கூறாத காரணத்தால் அம்மறுப்புப் பொய்யாகிவிடாது.

தமிழ்ச் சான்றுகளும் இத்திசையையே காட்டுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்திலே பறந்த பல்வேறு கொடிகளைப் பட்டினப்பாலை அடுக்கிக் கூறுமிடத்து, கல்வியில் துறைபோகிய ஆசிரியர் வாதுக்கு அறைகூவி உயர்த்திய கொடி, துறையில் அசையும் மரக்கலங்களின் கொடி, கள் விற்குமிடத்துக் கொடி ஆகியன ஒரே வரிசையிலே வருகின்றன. புலவர் அவற்றை ஒருங்கு வைத்தமை தற்செயலன்று. பல நாட்டாரும் பல பண்டங்களும் பல கடவுளரும் வந்து கூடும் துறைமுக நகரிலேயே கருத்துக்கும் சந்தை தோன்றுகின்றது. மணிமேகலையின் விழாவறை காதையிலே இந்திரவிழாவை அறிவிக்கும் முரசறைவோன், தத்தம் சமயப் பொருளை எடுத்துரைக்கும் வாதிகளைப் பட்டிமண்டபத்து ஏறுமாறு அழைக்கின்றான். பகைவரிடத்தும் செற்றமும் பூசலும் கொள்ளாது அகலுமாறும் வேண்டுகின்றான். ஈண்டு வாதி என்ற சொல்லில் இழிப்பின் சாயல் சிறிதும் இல்லை. அவன் நகரத்து விழாவின் உறுப்பினன்.

இம்மதிப்பு எங்ஙனம் குலைந்தது? மனுவின் நூல் இரண்டாம் அத்தியாயத்திலே, தருக்க நூலைப் பற்றிக்கொண்டு வேதத்தையும் மிருதியையும் அவமதிக்கும் இருபிறப்பாளனைச் சான்றோர் விலக்கிவிடவேண்டும் என்கின்றது. நான்காம் அத்தியாயத்திலே, காரணம் கேட்போரைச் சொல்லளவிற்கூட உபசரித்தல் ஆகாது என்கின்றது. மகாபாரதத்துச் சாந்தி பருவத்திலே ஒரு நரி பேசுகின்றது: முற்பிறப்பிலே தான் காரணம் கேட்பவனாக, வேதத்தை நிந்திப்பவனாக, பயனற்ற தருக்க வித்தையில் ஈடுபட்டவனாக இருந்ததன் விளைவே இந்த நரிப்பிறவி என்பது அதன் ஒப்புதல் வாக்குமூலம். வாதத்தில் தோற்கடிக்க முடியாதவனை மறுபிறப்பிலே தோற்கடிக்கும் உத்தி இது. இங்கு குற்றம் தருக்கித்தல் அன்று என்பதை மறக்கலாகாது. வேதத்துக்கு முரணாகாத தருக்கத்தை மனுவே ஏற்கின்றார். எதன்மீது வினா எழுப்பப்படுகின்றது என்பதே குற்றத்தை நிர்ணயித்தது.

உலோகாயதம் என்ற பெயர் அடைந்த மாற்றம் இதற்கு இணையானது. பௌத்த நிகாயங்களிலே, கற்றுத் துறைபோகிய பார்ப்பனரைச் சிறப்பிக்கும் வாய்பாட்டில் உலோகாயதத் தேர்ச்சியும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அருத்தசாத்திரம் அதனைச் சாங்கியத்தோடும் யோகத்தோடும் சேர்த்து ஆன்வீட்சிகி என்னும் ஆராய்ச்சிக் கலையுள் அடக்குகின்றது. பின்னரோ அது புலனின்பவாதிகளின் பெயராகச் சிறுத்துவிடுகின்றது. தேவிபிரசாத் சட்டோபாத்தியாய 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லோகாயதம்' என்னும் நூல், இப்பெயருக்கு மக்களிடையே பரந்தது என்னும் பொருளை முதன்மைப்படுத்தி, எதிரிகளின் எழுத்துகளிலிருந்தே பொருள்முதல்வாதிகளை மீட்டெடுக்க முயன்றது. அவரது தொல்குடிச் சமுதாயம் பற்றிய சில ஊகங்கள் இன்று அப்படியே ஏற்கத்தக்கன அல்ல. ஆனால் வென்றவன் எழுதிய நூலிலே தோற்றவனின் குரலைத் தேடும் அவரது முறை நமக்கு இன்றும் பயன்படுவது.

அம்முறையை நமது தீவின் சான்றுகளுக்குப் பிரயோகித்தால் எதிர்பாராத பயன் விளைகின்றது. கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே அனுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து உரைகளை யாத்த புத்தகோசர், உலோகாயதம் என்ற சொல்லுக்கு விதண்டவாத சாத்திரம் எனப் பொருள் கூறினார். நியாய நூலாரிடத்து ஒரு முறையின் பெயராக இருந்தது இப்போது ஒரு கூட்டத்தின் பெயராகிவிட்டது. பாளி உரைகளிலே விதண்டவாதி என்றொரு பாத்திரமும் தோன்றுகின்றான். அவனுக்கு இயற்பெயர் இல்லை, ஊர் இல்லை. அவன் வினா எழுப்புவான்; உரைகாரர் மறுப்பார்; அவன் மறைந்துவிடுவான். பெயரற்ற இந்த எதிரி உரை மரபின் வெறும் உத்தி என்று கூறி அகன்றுவிடலாம். ஆனால் அவன் என்ன கேட்கின்றான் என்பதைக் கவனிப்போமாக.

அபிதம்மத்தின் முதல் நூலுக்குரிய உரையாகிய அத்தசாலினியின் முன்னுரையில் அவன் தோன்றுமிடம் மிகச் சுவையானது. அபிதம்மம் ஏழு நூல்களும் புத்தரின் வாக்கே என்பது மகாவிகாரையின் நிலை. அவற்றுள் ஒன்றாகிய கதாவத்து, புத்தர் மறைந்து 218 ஆண்டுகளின் பின்னர் மொக்கலிபுத்த திச்சர் இயற்றியது என்பதும் அதே மரபினர் கூறும் செய்தி. இருநூறு ஆண்டுகளின் பின்னர் ஒரு சீடர் செய்த நூல் எவ்வாறு புத்தர் வாக்காகும், அதனை நீக்கிவிடுக என்கின்றான் விதண்டவாதி. உரைகாரரின் விடை, பின்னாளில் திச்சர் தோன்றி இதனை விரித்துரைப்பார் என்பதை முன்னறிந்து புத்தரே அதன் தலைப்புகளை வகுத்துவைத்தார் என்பது. இன்றைய பௌத்தவியல் ஆராய்ச்சி அபிதம்ம நூல்களைச் சுத்தங்களுக்குப் பின்னெழுந்தனவாகவே கொள்கின்றது. நூலின் காலம் யாது, ஆசிரியர் யார், மரபு கூறுவதற்குள்ளேயே முரண் இல்லையா எனக் கேட்ட அந்தப் பெயரற்றவன் உண்மையில் ஒரு வரலாற்றாசிரியனின் வினாவை எழுப்பியுள்ளான். மாற்றுத் திரிபிடகம் எதனையும் அவன் முன்வைக்கவில்லை. முன்வைக்கவேண்டிய தேவையும் அவனுக்கு இருக்கவில்லை.

இவ்விடயம் ஏட்டோடு நின்றதன்று. வோகாரிக திச்ச மன்னன் கபிலன் என்னும் அமைச்சனைக் கொண்டு வேதுல்ல வாதத்தை அடக்கினான் என மகாவமிசம் கூறும். வேதுல்லம் என்பதை மகாயானச் சார்புடைய வைபுல்யக் கருத்துகளாக அறிஞர் பலரும் கொள்வர். மகாவமிசத்துக்கு முற்பட்ட தீபவமிசமோ இதே கருத்துகளை விதண்டவாதம் என்ற பெயராற் சுட்டுகின்றது. ஒரு கோட்பாட்டுக்கு அதன் சொந்தப் பெயரை வழங்காது விதண்டை என்ற பொதுப் பழிப்பெயரை வழங்கும்போது, அதனோடு வாதிடவேண்டிய தேவை நீங்கி, அதனை அடக்கவேண்டிய தேவை மாத்திரம் எஞ்சுகின்றது. பின்னர் கோட்டாபய மன்னன் அபயகிரி விகாரையைச் சேர்ந்த அறுபது பிக்குகளைப் பிடித்து மறுகரைக்கு நாடு கடத்தினான். அதன்பின் சோழநாட்டிலிருந்து வந்த சங்கமித்திரர் மகாசேன மன்னனின் ஆதரவைப் பெற்றபோது மகாவிகாரை ஒன்பது ஆண்டுகள் பாழாய்க் கிடந்தது. இரு விகாரைகளுக்கும் இடையிலான பகையை வெறும் தத்துவ வேறுபாடாக நோக்குதல் போதாது. குளமும் வயலும் விகாரைகளுக்கு மானியமாக வழங்கப்பட்ட சமுதாயத்திலே, எது புத்தர் வாக்கு என்ற தீர்ப்பு, எவருக்கு அரச ஆதரவு என்ற தீர்ப்பாகவும் அமைந்தது. அபயகிரி செல்வாக்குப் பெற்றபோது அதுவும் மென்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் நேர்மையுடன் குறிப்பிடுதல் வேண்டும்.

நேர்மை என்றதும் நமது முகாமை நோக்கியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. விதண்டாவாதி எனப்பட்டோர் அனைவரும் முற்போக்காளர் என முடிவுகட்டிவிடும் அவசரம் நம்மவர் சிலரிடத்து உண்டு. அது தவறு. எனக்கெனத் தாபிக்கும் பக்கம் எதுவுமில்லை எனக் கூறி எல்லாப் பக்கங்களையும் உடைத்த நாகார்ச்சுனர் சூனியவாதி. 12ஆம் நூற்றாண்டிலே நியாய நூலாரின் வரையறைகளை ஒன்றன்பின் ஒன்றாக நொறுக்கிய சிறீஅர்சர் அத்வைதி. உலகத்தை மெய்யெனக் கொள்ளும் எக்கொள்கையும் நிறுவப்படமுடியாதது எனக் காட்டுவதே அவர் விதண்டையின் பயன். மறுபுறத்தில், அளவைகள் அனைத்தையும் தகர்த்த சயராசி பட்டரின் நூல் உலோகாயத மரபினதாகக் கொள்ளப்படுவது. 1940ஆம் ஆண்டிலேதான் அது அச்சேறியது. முறை ஒன்று, அது பணிபுரியும் கருத்துகள் எதிரெதிரானவை. ஆனால் இவர்களுக்கு வரலாறு அளித்த இடத்தை ஒப்புநோக்குக. சிறீஅர்சரைப் பெரும் பண்டிதராகப் போற்றிய உலகம், சயராசியை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஏட்டுச் சுவடியிலே உறங்கவிட்டது. விதண்டை என்ற முறை எவரையும் கெடுக்கவில்லை. எதனை மறுக்கின்றான் என்பதே பழிப்பையும் புகழையும் பகிர்ந்தளித்தது. கிரேக்கத்துச் சோபிசுதர்களின் பெயரும் இவ்வாறே அறிஞர் என்ற பொருளிலிருந்து புரட்டர் என்ற பொருளுக்கு இறங்கிற்று என்பதும், அவ்விறக்கத்திலே பிளேட்டோ என்னும் உயர்குடியாளரின் பங்கு பெரிது என்பதும் யாவரும் அறிந்தவை, விரிப்பின் பெருகும்.

தமிழிலக்கியத்துக்கு மீள்வோம். மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையிலே, வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் பலரும் தத்தம் கொள்கை கூற மணிமேகலை அமைதியாகக் கேட்டுச் செல்கின்றாள். இறுதியிலே பேசுபவன் பூதவாதி. அவனிடத்து மாத்திரம் அவள் நகைத்து எதிருரைக்கின்றாள்: காட்சியன்றிப் பிறிதோர் அளவையை ஏற்காயெனின் உன் தாய் தந்தையரை எவ்வாறு அறிந்தாய்? காப்பியத்திலே பூதவாதிக்கு இதற்கு மறுமொழி இல்லை. சாத்தனாரின் கலைத்திறன் வாசகரையும் அவளோடு சேர்ந்து நகைக்கவைக்கின்றது. ஆனால் அக்கேள்வி எதனை நிறுவுகின்றது? இவ்வுலகத்துப் பொருள் ஒன்றனை அனுமானத்தால் அறியலாம் என்பதை மாத்திரமே. மறுபிறப்புக்கு அது சான்றாகாது. உலகியல் எல்லைக்குட்பட்ட அனுமானத்தை ஏற்று, அதற்கு அப்பாற்பட்டதையே மறுத்த புரந்தரர் போன்ற உலோகாயதர் இருந்தமை பௌத்த நூலுரை வாயிலாகவே அறியப்படுகின்றது. இன்னொன்றும் உண்டு. அந்த இடத்திலே விதண்டை செய்பவள் மணிமேகலையே. தன் பக்கத்தைத் தாபியாது எதிரியின் கூற்றை மறுத்தல் மட்டும் செய்கின்றாள். எவரும் அவளை விதண்டாவாதி என அழைத்ததில்லை, அழைக்கவும் மாட்டார்கள்.

நன்னூலார் எழுவகை மதங்களை வகுக்கும்போது, பிறர் நூற்குற்றங் காட்டலையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். உடன்படல், மறுத்தல், தன் மதத்தை நாட்டி நிறுத்தல் என்பவற்றோடு அது சரிநிகராக நிற்கின்றது. குற்றங் காட்டுபவன் புதுநூல் ஒன்றும் செய்யவேண்டும் என்ற நிபந்தனை அங்கில்லை. ஆயின் அதே காலப்பகுதியின் சமய உலகம் வேறுவகையானது. சேக்கிழாரின் பெரியபுராணத்திலே மதுரையில் நிகழும் வாது, ஏட்டை அனலில் இடுவதும் புனலில் விடுவதுமாக அமைகின்றது, தோற்றோர் கழுவேறுகின்றனர். நிகழ்ச்சியின் வரலாற்றுண்மை ஒருபுறமிருக்க, பெருநிலவுடைமையும் பேரரசும் பெருங்கோயிலும் ஒன்றிணைந்த காலத்துக் கற்பனையிலே வாதம் என்ற சொல் எத்தகைய காட்சியை எழுப்பிற்று என்பதற்கு இது சான்று. பட்டிமண்டபத்திலே ஏறிய வாதி, செற்றமின்றி வீடு திரும்பினான். இங்கு ஏறுமிடம் வேறு.

19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே, அச்சியந்திரம் வாதத்துக்கு மீண்டும் ஒரு சந்தையை ஏற்படுத்திற்று. மிசனரிமாரின் துண்டுப் பிரசுரங்களும், 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் போன்ற நாவலரின் மறுப்புகளும், அவற்றுக்கெழுந்த கண்டனங்களும் தமிழ் உரைநடைக்கு அளித்த கூர்மை பெரிது. இருசாராரும் மற்றவரைக் குதர்க்கிகள் என்றனர். ஆயினும் விடை கூறினர். வேதாகமத்தின் மேற்கோளைக் கொண்டே விவிலியச் சார்பினருக்கு விடையிறுத்த நாவலரின் ஆற்றல் இன்றும் வியக்கத்தக்கது. ஆனால் சாதியொழுக்கம் பற்றிய வினா சைவ சமுதாயத்தின் உள்ளிருந்தே எழுந்தபோது அத்தகைய கண்டன நூல்கள் எழவில்லை. முன்னோர் வழக்கு என்பதே விடையாயிற்று. அதற்குமேற் கேட்டவன் விதண்டாவாதி.

1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் வடபகுதியின் தேநீர்க்கடைகளும் கோயில்களும் தாழ்த்தப்பட்டோருக்கு மூடியே கிடந்தன. இந்நிலைமையை நியாய நூலாரின் மொழியிலே கூறிப் பார்க்கலாம். ஒருவன் கடைக்குள் அமர்ந்து தேநீர் அருந்தலாகாது என்பவனுக்கே ஒரு பக்கம் உண்டு. அதனைத் தாபிக்கும் கடமையும் அவனுடையதே. ஏன் என வினவுபவன் எதனையும் தாபிக்கவேண்டியவன் அல்லன். அவன் வினாவே அவன் பக்கம். நடைமுறையிலோ, சமுதாய ஒழுங்குக்கு மாற்றுத் திட்டம் யாது, கோயிலின் புனிதத்துக்கு உத்தரவாதம் யாது என்றெல்லாம் வினவியவனிடமே திருப்பிக் கேட்கப்பட்டது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம், பொலிசாரின் தடியடிக்கு உள்ளாகியும் கலைந்துவிடாது நகரை அடைந்தது. அடுத்த ஆண்டிலே தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அமைக்கப்பட்டது. அதன்பின் கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்ட வரலாற்றிலே, மூடிவைத்திருந்தவர்கள் தமது பக்கத்துக்குக் காரணம் கூறி அவையேறிய ஓர் இடத்தையேனும் காண்பதரிது.